முகாம் அடுப்புக்கு எந்த எரிபொருள்?

ஓரிரவு வெளியே தங்கிச் சமைப்பதற்கு எரிபொருள் ஒரு பொருட்டல்ல. நாலு சுள்ளியும் ஒரு கேத்தலும் இருந்தால் தேநீர் கிடைத்துவிடும். தங்கல் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று நீளும்போதுதான் கணக்கு மாறுகிறது. அரிசிக்கு அடுத்த பெருஞ்சுமை எரிபொருளாகிவிடுகிறது. சூடு மிகுதியாகத் தரும் எரிபொருளே சிறந்தது என்று பாடநூல் அட்டவணையைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். அந்த எரிபொருள் எதில் அடைத்து வருகிறது, மழையை எவ்வளவு தாங்கும், தீர்ந்தால் அடுத்தது எங்கே கிடைக்கும் என்பவையே நெடுநாள் முகாமில் முடிவைத் தீர்மானிக்கின்றன.

இலங்கையின் மாத்தளை மாவட்டத்து நாலந்தா இதை விளங்கிக்கொள்ள நல்ல இடம். பீகாரின் பழைய பல்கலைக்கழக நகரோடு பெயரைத் தவிர வேறு குழப்பம் வேண்டியதில்லை. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் ஏறத்தாழ நடுவே இருக்கும் சிற்றூர் இது. கிழக்கே நக்கிள்ஸ் எனப்படும் தும்பறை மலைத்தொடர் 1,900 மீற்றர் வரை உயர்கிறது. வடக்கே தம்புள்ளையைத் தாண்டியதும் வரண்ட வலயக் காடு தொடங்குகிறது. நாலந்தா இரண்டுக்கும் இடைப்பட்ட வலயத்தில் கிடக்கிறது. ஆகவே இங்கிருந்து எந்தப் பக்கம் போகிறோம் என்பதைப் பொறுத்து அடுப்பும் மாறவேண்டியிருக்கிறது.

முதலில் எவ்வளவு சூடு வேண்டும் என்று பார்க்கலாம். ஒரு லீற்றர் தண்ணீரை 25 பாகை செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 0.31 மெகாஜூல் வெப்பம் தேவை. ஆறு பேர் கொண்ட குழு ஒன்று நாளுக்கு இரு வேளை சோறு, பருப்பு, ஒரு கறி, காலையில் ஏதேனும் எளிய உணவு, மூன்று தடவை பிளேன்டீ என்று உண்பதாக வைத்துக்கொண்டால் 17 லீற்றர் அளவு தண்ணீர் கொதிக்க வேண்டும். குடிக்க 10 லீற்றரைக் காய்ச்சி ஆறவைக்க வேண்டும். கொதித்த பின் சோறும் பருப்பும் வேகும் நேரத்துக்கான வெப்பத்தையும் சேர்த்தால், பானைக்குள் போய்ச்சேர வேண்டியது நாளொன்றுக்குச் சுமார் 10 மெகாஜூல்.

பானைக்குள் போகும் வெப்பமும் எரிபொருளில் இருக்கும் வெப்பமும் ஒன்றல்ல. இடையில் காற்று தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஒரு கிலோ சமையல் வாயுவில் ஏறத்தாழ 46 மெகாஜூல், மண்ணெண்ணெயில் 43, எரிசாராயத்தில் நீர்க்கலப்பைப் பொறுத்து 25 அளவு, நன்கு உலர்ந்த விறகில் 15 முதல் 16 வரை இருக்கிறது. வாயு அடுப்பு வெளியிடத்தில் அதில் பாதியைப் பானைக்குள் செலுத்தும். மண்ணெண்ணெய்க் குக்கர் அதற்குச் சற்றுக் குறைவு. மூன்று கல் அடுப்பு எட்டில் ஒரு பங்கைச் செலுத்தினாலே பெரிய காரியம். இவற்றைப் பெருக்கிப் பார்த்தால், அந்த ஆறு பேருக்கு ஒரு வாரத்துக்கு 3 கிலோ வாயு, அல்லது நாலரை லீற்றருக்கு மேல் மண்ணெண்ணெய், அல்லது 7 லீற்றர் எரிசாராயம், அல்லது 40 கிலோவுக்குக் கிட்டிய உலர்விறகு வேண்டும் என்று வருகிறது. காற்றடிக்கும் வெட்டவெளியில் மறைப்பில்லாமல் சமைத்தால் இந்த அளவுகள் எளிதில் இரட்டிக்கும்.

இதில் 40 கிலோ விறகு என்பது பயமுறுத்தும் எண். ஆனால் விறகை யாரும் சுமந்து போவதில்லை. அது வழியில் கிடைப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாகவே மாத்தளையை அடைந்தார்கள். 1880 இல் புகையிரதம் மாத்தளையைத் தொடும் முன்பே அந்தப் பாதையில் பல்லாயிரம் பேர் கங்காணிகளின் பின்னே வந்திருந்தனர். பசி, தாகம், வாந்திபேதி ஆகியவற்றால் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். அரிசிக்கும் நல்ல தண்ணீருக்கும் தவித்த அந்தப் பயணத்தில் எரிபொருளுக்கு மட்டும் தட்டுப்பாடில்லை. இரு புறமும் வரண்ட வலயத்துக் காடு இருந்தது. மூன்று கல்லை வைத்தால் அடுப்பு. இன்று தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை வாரக்கணக்கில் நடக்கும் பாதயாத்திரிகர்களுக்கும் கிழக்குக் கரையோரத்தில் நிலைமை ஏறக்குறைய அதுதான். ஆனி ஆடி வெயிலில் காய்ந்த சுள்ளிக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம்.

அதே விறகு மலைப்பக்கம் திரும்பினால் கைவிட்டுவிடுகிறது. காரணம் ஈரம். அப்போதுதான் வெட்டிய பச்சை மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர். ஒரு கிலோ பச்சை விறகில் அரைக்கிலோதான் மரம். அந்த மரம் எரிந்து தரும் வெப்பத்தில் ஒரு பகுதி மீதி அரைக்கிலோத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். எஞ்சுவது ஏறத்தாழ 8 மெகாஜூல், உலர்விறகு தருவதில் பாதி. இது காகிதக் கணக்கு. உண்மையில் நட்டம் இதைவிடப் பெரிது. மரம் நேரடியாக எரிவதில்லை. சூட்டில் சிதைந்து முதலில் வாயுக்களை வெளிவிடுகிறது. மரத்தின் எடையில் முக்காற்பங்கு அப்படி வாயுவாகத்தான் வெளியேறும். அந்த வாயுக்கள் தீப்பிடிக்கப் போதிய வெப்பநிலை வேண்டும். ஈரம் வெப்பநிலையை இறக்கிவிடுவதால் அவை எரியாமலே மேலே போகின்றன. கண்ணைக் கரிக்கும் புகை என்பது எரியாமல் தப்பிப்போன விறகேதான்.

மழையில் நனையாத விறகும் முழுக்க உலர்ந்ததல்ல. மரம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தை வாங்கி, அதோடு சமநிலைக்கு வரும். காற்றின் சாரீரப்பதன் 80 சதவீதமாக இருந்தால் மரத்தில் உலர் எடையின் 16 சதவீதம் அளவு நீர் தங்கும். 90 சதவீதமானால் 20ஐத் தொடும். முகில் வந்து படியும் நக்கிள்ஸின் ரிவஸ்டன் மேட்டில் விறகை எத்தனை நாள் கூரைக்கடியில் அடுக்கினாலும் அதற்குக் கீழே இறங்காது. பழைய சமையற்கட்டுகளில் அடுப்புக்கு நேர்மேலே பரண் கட்டி விறகடுக்கியதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது. அடுப்பின் கழிவுச் சூடே அடுத்த நாள் விறகை உலர்த்திவிடும். முகாமிலும் இன்றைய நெருப்பைச் சுற்றி நாளைய விறகை, தீப்பிடிக்காத தூரத்தில், நிறுத்திவைப்பது அதே வேலையைச் செய்யும்.

நாலந்தாவின் சமநிலத்தில், மழைக்காலம் தவிர்ந்த மாதங்களில், விறகு தேடுவது கடினமல்ல. மாத்தளை மிளகுக்குப் பேர்போன மாவட்டம். மிளகுக்கொடி ஏறுவதற்குக் கிளிரிசீடியாவை நட்டு, ஆண்டுதோறும் கிளை வெட்டிவிடுவார்கள். வெட்டிய இடத்திலேயே மீண்டும் தழைக்கும் இந்த மரத்தை, தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப்பயிராக இலங்கை அரசு 2005 இல் அறிவித்தது. மின்நிலையத்துக்கு எரிபொருளாகும் என்பதும் அதற்கொரு காரணம். விரல் தடிப்பு முதல் மணிக்கட்டுத் தடிப்பு வரையான அதன் கம்புகள் பிளக்காமலே சில வாரங்களில் காய்ந்துவிடும். காட்டு மரத்தைத் தொடாமல், தோட்டக்காரரிடம் விலை பேசி ஒரு கட்டு வாங்குவது எவ்வகையிலும் மேல்.

தென்னை தருவது தனி வகை. சிரட்டை அடர்த்தியானது, ஈரம் குறைவாக வாங்குவது, எரிந்தபின் நின்று நிதானமாகத் தணலாவது. அதனால்தான் அதன் கரி ஏற்றுமதிப் பண்டமாகியிருக்கிறது. பாளையும் காய்ந்த ஓலையும் சட்டென்று பிடித்துச் சட்டென்று அடங்கும். தீமூட்ட நல்லவை, சோறாக்க உதவாதவை. பொச்சு இரண்டுக்கும் நடுவே கனிந்துகொண்டேயிருக்கும். இரவு முழுதும் நெருப்பைக் காக்க அதற்கு நிகரில்லை. ஆனால் புகை அதிகம். பாளையில் மூட்டி, கம்பில் கொதிக்கவைத்து, சிரட்டைத் தணலில் வேகவிடுவது என்று இம்மூன்றையும் முறைப்படி கலந்து எரிக்கத் தெரிந்தவருக்கு வேறு எரிபொருள் தேவையில்லை.

மூன்று கல்லின் குறை, பக்கவாட்டில் வெப்பம் ஓடிவிடுவது. இரண்டு பானை வைக்கும் ‘அனகி’ மண் அடுப்பு 1980களில் இலங்கையில் உருவாகிப் பரவியது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். முதற்பானைக்குப் போக மிஞ்சும் சூடு இரண்டாவது பானைக்குத் திருப்பிவிடப்படுகிறது. திறமையாகக் கையாண்டால் மூன்று கல்லுக்குப் பிடிக்கும் விறகில் மூன்றில் ஒரு பங்காவது மிச்சம். மண் அடுப்பு தோளில் சுமக்க ஏற்றதல்ல. வாகனம் போகும் இடத்தில் இரண்டு வாரம் தங்குபவர்களுக்கு அது உகந்தது. நடந்து போகிறவர்கள் ஈரமண்ணைக் குழைத்து மூன்று கல்லுக்கும் இடையிலுள்ள வெளியை ஒரு வாயைத் தவிர மற்ற இடங்களில் அடைத்தாலே பயனில் பாதி கிடைக்கும். கல்லைத் தேர்வதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆற்றுக்குள்ளிருந்து எடுத்த கல்லின் நுண்வெடிப்புகளில் நீர் அகப்பட்டிருக்கும். சூட்டில் அது ஆவியாகிக் கல்லை வெடிக்கவைக்கும். மேட்டில் வெயில் பட்டுக் கிடந்த கல்லே அடுப்புக்கு.

எந்த மரத்தையும் எரிக்கலாம் என்றும் இல்லை. அலரிக் கம்பு நஞ்சு. அதில் சமைப்பதும் அதைக் கரண்டியாகப் பயன்படுத்துவதும் உயிராபத்து. சேங்கொட்டை இனத்து மரங்களின் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும். அவற்றின் புகையும் கண்ணுக்கும் தொண்டைக்கும் ஆகாது. பெயர் தெரியாத மரத்தில் பால் வடிந்தால் விட்டுவிடுவதே புத்தி.

விறகுக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. நக்கிள்ஸ் காடு 2010 இல், சிவனொளிபாத மலைச் சாரல், ஹோட்டன் சமவெளி ஆகியவற்றோடு சேர்த்து, இலங்கையின் மத்திய மலைநாடு என்ற பெயரில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. வனத் திணைக்களத்தின் அனுமதியோடுதான் அங்கே தங்க முடியும். ஒதுக்குக் காட்டில் தீ மூட்டுவதும் மரம் வெட்டுவதும் குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, மலையின் பத்தனைப் புல்வெளிகள் யூலை முதல் செப்டெம்பர் வரையான வரண்ட காலத்தில் ஒரு பொறிக்குக் காத்திருக்கும் நிலையில் இருக்கின்றன. மனிதக் கைபட்டு அவை எரிந்துபோவது பலமுறை நடந்திருக்கிறது.

நாலந்தா கெடிகேயின் சுற்றுப்புறமும் அப்படித்தான். பல்லவப் பாணியில் அமைந்த அந்தக் கற்கோயில், மகாவலித் திட்டத்தின் போவதென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காதிருக்க, 1975 இல் கல் கல்லாகக் கழற்றப்பட்டு, உயர்ந்த நிலத்தில் மீண்டும் அடுக்கப்பட்டு 1980 இல் நிறைவெய்தியது. தொல்லியல் இடத்தருகே தீ கூடாது என்பதற்கு மரியாதைக்கு அப்பாலும் ஒரு காரணம் இருக்கிறது. கருங்கல்லிலும் அதன் இனப் பாறைகளிலும் உள்ள படிகக்கல் 573 பாகையில் படிக அமைப்பு மாறித் திடீரென்று விரியும். கூட இருக்கும் மற்றக் கனிமங்கள் அந்த வேகத்தில் விரிவதில்லை. அதனால் கல் செதில் செதிலாக உதிரும். பாறைத்தளத்தின் மேல் மூட்டிய ஒரு நாள் நெருப்பின் தழும்பு நூற்றாண்டுகளுக்கு நிற்கும்.

ஆக, மலையேறுகிறவர்கள் எரிபொருளைச் சுமந்தே ஆகவேண்டும். மண்ணெண்ணெய் இந்தத் துறையின் பழைய கை. 1892 இல் சுவீடனில் ஃப்ரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய பிறைமஸ் அடுப்பு, திரியே இல்லாமல், பம்பு அடித்த அழுத்தத்தில் எண்ணெயைச் சூடான குழாயினூடே செலுத்தி, ஆவியாக்கி எரித்தது. புகையில்லாத நீலச்சுடர் வந்தது அப்போதுதான். 1953 இல் எவரெஸ்ட்டின் கடைசி முகாமில் ஹிலரியும் டென்சிங்கும் பனியை உருக்கியதும் பிறைமஸில்தான். அதன் தொல்லை, முதலில் குழாயைச் சூடேற்ற வேண்டும் என்பது. மண்ணெண்ணெய் 150 பாகைக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்கும். ஆகவே கிண்ணத்தில் கொஞ்சம் எரிசாராயம் ஊற்றிக் கொளுத்திவிட்டு, பிறகுதான் பம்பு அடிக்கலாம். அவசரப்பட்டவருக்கு மஞ்சள் தீயும் கரியும் கிடைக்கும். கிராமத்து வீடுகளில் பழக்கமான பத்துத்திரிக் குக்கருக்கு இந்தச் சடங்கு வேண்டாம். ஆனால் சூடு குறைவு, கரி உறுதி, காற்றில் அணையும்.

மண்ணெண்ணெயின் பெரிய பலம் அதன் அடக்கமான குணம். 38 பாகைக்குக் குறையாத வெப்பநிலை வரும்வரை அதன் ஆவி தீப்பற்றாது. பெற்றோல் கடுங்குளிரிலும் பற்றும். அதனால் மண்ணெண்ணெய் அடுப்பில் பெற்றோலை ஊற்றுவது, அல்லது பெற்றோல் இருந்த கலனைக் கழுவாமல் மண்ணெண்ணெய் வாங்கப் போவது, விபரீதத்தை விலைகொடுத்து வாங்குவதாகும். கலன் இரும்பு வேண்டியதில்லை. தடித்த பிளாஸ்ரிக் போத்தல் போதும். அதனால் சுமையில் கலனின் பங்கு மிகக் குறைவு. திருகு மூடி இறுக்கமாக இருக்கிறதா என்பதே கவலை. 1912 இல் தென்துருவத்திலிருந்து திரும்பிய ஸ்கொட்டின் குழு, வழிநெடுக வைத்துப்போன மண்ணெண்ணெய்த் தகரங்களில் எண்ணெய் குறைந்திருக்கக் கண்டது. குளிரில் தோல் வளையங்கள் கெட்டு எண்ணெய் கசிந்திருந்தது. அவருக்கு முன்பே துருவத்தை எட்டிய அமுண்ட்சென் தன் தகரங்களைப் பற்றாசு வைத்து அடைத்திருந்தார். நக்கிள்ஸில் கசியும் மண்ணெண்ணெய் யாரையும் கொல்லாது. ஆனால் அதே பையில் இருக்கும் அரிசியை வாயில் வைக்க முடியாதபடி ஆக்கிவிடும்.

விலையும் வரத்தும் வேறு கதை. இலங்கையில் நெடுங்காலம் மானியத்தில் கிடைத்த மண்ணெண்ணெய், 2022 ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. அதற்கு முந்திய மாதங்களில் மண்ணெண்ணெய்க்கும் வாயுவுக்கும் நாடெங்கும் வரிசைகள் நீண்டன. நகரத்து வீடுகளும் விறகுக்குத் திரும்பின. நாட்டுக்கு அது அதிர்ச்சி. ஆனால் 2012 குடிசன மதிப்பீட்டிலேயே நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட வீடுகளின் முதன்மை எரிபொருள் விறகுதான் என்பதால், கிராமங்களுக்கு அது புதிதாகக் கற்கவேண்டிய பாடமாக இருக்கவில்லை.

வாயு வசதியில் எல்லாவற்றையும் வெல்லும். தீக்குச்சி கிழித்த நொடியில் எரியும், திருகினால் தணியும், பானை கரிபிடிக்காது. சிக்கல் சிலிண்டரில்தான். வீட்டுக்கு வரும் 12.5 கிலோச் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது 25 கிலோவைத் தாண்டும். 5 கிலோ அளவிலும் வெறுஞ்சிலிண்டரின் எடை உள்ளிருக்கும் வாயுவுக்குக் குறைவதில்லை. 2.3 கிலோ அளவுச் சிறு சிலிண்டரும் இலங்கையில் புழங்குகிறது. மேலே கண்ட ஆறுபேர்க் குழுவுக்கு அது ஐந்து நாளுக்குத்தான் வரும். கையடக்க அடுப்புகளில் பொருத்தும் 220 கிராம் குப்பிகள் என்றால் வாரத்துக்குப் பதினான்கு வேண்டும், பதினான்கு வெற்றுத் தகரங்களைத் திருப்பிச் சுமக்கவும் வேண்டும். இருவர் மூன்று நாள் போவதற்குக் குப்பி சிறந்தது. அதற்கு மேல் கணக்கு கட்டாது.

சமையல் வாயு என்பது புரப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரப்பேன் -42 பாகையிலேயே கொதிக்கும். பியூட்டேனின் கொதிநிலை -0.5 பாகை. குளிர்நாட்டு மலையேறிகள் பியூட்டேனை வெறுப்பதற்கும், விலைகூடிய கலவைக் குப்பிகளைத் தேடுவதற்கும் காரணம் இதுவே. வாயு வெளியேற வெளியேறச் சிலிண்டரும் குளிரும், அழுத்தம் இன்னும் இறங்கும். இலங்கையில் இந்தக் கவலைக்குப் பெரும்பாலும் இடமில்லை. நாலந்தாவில் விடியற்காலையும் 20 பாகைக்கு அருகேதான். நக்கிள்ஸ் உச்சிகளில் பத்துச் சொச்சம் பாகையிலும் பியூட்டேன் எரியும். தை மாசியில் உறைபனி படியும் ஹோட்டன் சமவெளியில் மட்டும் அதிகாலைச் சுடர் சுருங்கும். ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் குளிர்க்காலக் குப்பி வாங்கக் காசு செலவிடத் தேவையில்லை. எப்படியும் எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அங்கே வாங்கிய அடுப்பின் திருகுமுனைக்குப் பொருந்தும் குப்பி மாத்தளைக் கடைகளில் இருக்கும் என்றும் நம்பிப் புறப்படக்கூடாது.

வெப்பநாட்டின் ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. 30 பாகையில் பியூட்டேனின் ஆவியழுத்தம் வளிமண்டல அழுத்தத்தின் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. புரப்பேனுடையது பத்து மடங்குக்கு மேல். கலவையில் புரப்பேன் கூடினால், பழைய குழாயும் தேய்ந்த றெகுலேற்றரும் தாங்கவேண்டிய அழுத்தமும் கூடும். 2021 இன் கடைசி மாதங்களில் இலங்கை வீடுகளில் அடுத்தடுத்து நிகழ்ந்த வாயுக்கசிவுத் தீவிபத்துகளை ஆராய்ந்த குழு, கலவை மாறியதையே முதன்மைக் காரணமாகச் சுட்டியது. முகாமுக்குக் கொண்டுபோகும் குழாயைப் புறப்படும் முன் சவர்க்கார நுரை பூசிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் பள்ளத்தில் தேங்கி நிற்கும். ஆகவே சிலிண்டரைக் குழியிலோ கூடாரத்துக்குள்ளோ வைக்கக்கூடாது. கையடக்க அடுப்பின் மேல் அதன் அளவை மீறிய பெரிய தாச்சியை ஏற்றினால், கீழ்நோக்கித் திரும்பும் வெப்பம் பக்கத்துக் குப்பியைச் சுட்டு வெடிக்கவைக்கும். இப்படி நடந்த விபத்துகள் உலகெங்கும் உண்டு. காற்றுமறைப்பு என்று குப்பியையும் சேர்த்துத் தகரத்தால் சுற்றி மூடுவதும் அதே தவறுதான்.

எரிசாராய அடுப்பில் அசையும் பாகமே இல்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை. சூடு குறைவு, பகலில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டதென்று நினைத்து மேலும் ஊற்றியவர்கள் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். மருந்துக்கடையில் சிறு போத்தலாக வாங்கி ஒரு வாரத்துக்கு 7 லீற்றர் சேர்ப்பது நடவாத காரியம். பிறைமஸ் மூட்டுவதற்கு மட்டும் ஒரு போத்தல் போதும். ஹெக்சமீன் வில்லைகளோ இராணுவத்தினரின் பையில் ஒரு கோப்பைத் தேநீருக்கு ஆனவை. நாலு கிராம் வில்லையில் ஆறு பேர் சோறாக்கப் புகுந்தால் நாளுக்கு இருநூறு வில்லை எரிக்கவேண்டிவரும்.

எரிபொருளைப் பற்றிய பேச்சு இவ்வளவு நீண்டாலும், அதில் மிச்சம் பிடிக்கச் சிறந்த இடம் அடுப்பல்ல, அரிசிப் பை. புழுங்கல் அரிசி வேகப் பச்சையரிசியைவிட நேரமெடுக்கும். தவிடு நீக்காத சிவப்பரிசி அதனினும் கூட. சம்பாச் சோறு ஆசைதான். மலையில் மெல்லிய வெள்ளைப் பச்சையரிசி எரிபொருளில் தெளிவான மிச்சம். மைசூர்ப் பருப்பு கால்மணி, இருபது நிமிடத்தில் குழையும். கடலை இரவு முழுதும் ஊறியபின்னும் ஒரு மணி நேரம் கேட்கும். உயரம் இந்த வேறுபாட்டை இன்னும் பெரிதாக்குகிறது. ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை என்ற அளவில் தண்ணீரின் கொதிநிலை இறங்குவதால், நக்கிள்ஸ் உச்சிகளில் அது 94 பாகைக்கு அருகில் நிற்கும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், கடலை கல்லாகவே கிடக்கும். பருப்பும் கடலையும் தின்றே தீருவோம் என்கிற குழு, பிறஷர் குக்கரின் எடையைச் சுமப்பதில் நியாயம் இருக்கிறது. அதன் உள்ளே நீர் 120 பாகையை நெருங்கும்.

கொதித்த பின் அடுப்பைக் கூட்டிவைப்பதால் எதுவும் விரைவாக வேகாது. கொதிநீரின் வெப்பநிலை கூடாது, ஆவிதான் கூடும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க, அதே நீரைக் கொதிக்கவைத்ததைப்போல் ஏழு மடங்கு வெப்பம் செலவாகிறது. மூடியைத் திறந்து வைத்துச் சமைப்பவர் அந்த ஏழு மடங்கைக் காட்டுக்குத் தானம் செய்கிறார். சோறு ஐந்து நிமிடம் கொதித்ததும் இறக்கி, மூடியோடு சாக்கிலும் போர்வையிலும் சுற்றி வைத்தால் முக்கால் மணியில் தானே வெந்துவிடும். அளவாகத் தண்ணீர் வைக்கத் தெரிந்திருக்க வேண்டும், கஞ்சி வடிக்கும் பழக்கத்துக்கு இது ஒத்துவராது.

குடிநீரில் இன்னும் பெரிய வீண் நடக்கிறது. பத்து நிமிடம் கொதிக்க விடவேண்டும் என்ற பழைய பழக்கம் பல குழுக்களின் எரிபொருளில் பெரும்பங்கை விழுங்குகிறது. நோய்க்கிருமிகள் 70 பாகையைத் தாண்டியதுமே விரைவாக அழியத் தொடங்கும். தண்ணீர் குமிழிட்டுக் கொதித்த பின் ஒரு நிமிடம் விட்டால் போதும். 2,000 மீற்றருக்கு மேலேதான் மூன்று நிமிடம் கேட்பார்கள். இலங்கையில் அவ்வளவு உயரத்தில் முகாமிடக்கூடிய இடங்களே சில.

இனி நாலந்தாவிலிருந்து புறப்படும் திசைகள். ஏ9 வீதியோரத்தில், வாகனம் பக்கத்தில் நிற்க, இரண்டு வாரம் தங்கும் குழுவுக்கு 5 கிலோச் சிலிண்டரும் மண் அடுப்பும் சேர்ந்த ஏற்பாடு நல்லது. வாயு காலைத் தேநீருக்கும் மழை நாளுக்கும், கிளிரிசீடியாவும் சிரட்டையும் சோற்றுக்கும். நீர்த்தேக்கக் கரையில் மாலைக்காற்று பலமாக வீசும். ஆகவே அடுப்பின் வாயைக் காற்றுக்குப் பக்கவாட்டில் திருப்பி வைக்கவேண்டும். இறத்தோட்டை வழியே நக்கிள்ஸுக்கு ஏறி, ஒரு வாரம் நடந்து நடந்து முகாம் மாற்றுகிறவர்களுக்கு அழுத்த மண்ணெண்ணெய் அடுப்பே பொருத்தம். நாலரை லீற்றர் எண்ணெய் நாலு கிலோவுக்கும் குறைவு, அது நாளுக்கு நாள் இலேசாகும். ஐந்து கிலோச் சிலிண்டரின் இரும்போ கடைசி நாளிலும் அதே எடைதான். இரண்டு இரவுக்கு மட்டும் ஏறுகிறவர்கள் வாயுக்குப்பி எடுக்கலாம். வடக்கே வரண்ட காட்டோரம் சேனைக் குடில்களில் போகம் முழுதும் காவல் கிடக்கும் விவசாயிகளைப் போல் மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு விறகைத் தவிர வேறு வழி தோன்றவில்லை. ஆனால் போகம் தொடங்குவதே ஐப்பசி மழையோடு என்பதால், அவர்கள் மழைக்கு முன்பே விறகு சேர்த்துப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

எந்த எரிபொருளானாலும் மூடிய கூடாரத்துக்குள் எரிக்கக்கூடாது. போதிய ஒட்சிசன் கிடைக்காத சுடர் காபனோரொட்சைட்டை உண்டாக்கும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, குருதியின் ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேற்பட்ட பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. புகை வந்தால் மனிதர் எழுந்து வெளியே ஓடிவிடுவார். புகையே இல்லாத சிரட்டைத் தணல்தான் இதில் மிகக் கெட்டது. குளிருக்கென்று அதைச் சட்டியில் எடுத்துக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு உறங்குவது மரணத்தோடு படுப்பது.

தங்கல் முடியும்போது சாம்பலில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, வெறுங்கையால் தொட்டுப் பார்த்தபின்தான் இடத்தை விடவேண்டும். பொச்சுத் தணல் மேலே ஆறியதுபோல் காட்டி அடியில் மறுநாள் வரை கனிந்துகொண்டிருக்கும். மிஞ்சிய மண்ணெண்ணெயை ஓடையருகே கொட்டாமல் போத்தலோடு திருப்பிக்கொண்டு வரவேண்டும். தீர்ந்த வாயுக்குப்பிகளை நெருப்பில் எறியக்கூடாது. உள்ளே கொஞ்சம் எப்போதும் மிஞ்சியிருக்கும். அவற்றைப் பையில் கட்டி, வீதிக்கு இறங்கியபின் குப்பை சேகரிக்கும் இடத்தில் சேர்ப்பது அடுப்பு மூட்டியவரின் கடைசி வேலை.